இருபத்து நான்கு போட்டிருக்கலாம்

ஆகஸ்ட் 5, திங்கள்

கைடு கூப்பிடுகிறார் என்றதும் ஓடினேன். ஆய்வேட்டின் நான்காம் இயலைப் படித்து முடித்துவிட்டார் போல என்று ஓர் ஆசை. அதெல்லாம் இல்லை.

"பியூலா, முதலாமாண்டு எம்.ஏ. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர், இன்டர்நெட் பயன்பாடுன்னு ஒரு தாள் புதுசா வந்திருக்கு. எடுக்க ஆள் இல்ல. வாரத்துக்கு ரெண்டு வகுப்பு. நீ எடுத்துரு."

உமையொருபாகம் சார் பேசுவது கேட்பது மாதிரிதான் இருக்கும். கேள்வி இல்லை அது, உத்தரவு. செப்டம்பர் 30 என் கடைசி நாள் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. ஆறு வருஷமாகத் தூத்துக்குடி நகராட்சிக் குழாய்த் தண்ணீரின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. இந்த லட்சணத்தில் எனக்கு வகுப்பு.

மதியமே முதல் வகுப்பு. முப்பத்து நான்கு பேர், எல்லார் கையிலும் போன். பெயரையும் ஊரையும் எழுதி எனக்கு ஒரு மெயில் அனுப்புங்கள் என்றேன். ஒரு மணி நேரத்தில் வந்தவை ஒன்பது. ஒருத்தன் கடிதம் முழுவதையும் தலைப்புக் கட்டத்துக்குள் திணித்திருந்தான். ஒருத்தி காகிதத்தில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அந்தப் போட்டோவும் தலைகீழ்.

பதினோரு பேருக்குப் பாஸ்வேர்டே தெரியாது. மெயில் ஐடியை பஸ் ஸ்டாண்டு நெட் சென்டர் அண்ணாச்சிதான் உண்டாக்கிக் கொடுத்தாராம். பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கிறதாம். ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் போகுமாம்.

"அப்ப உன் மெயிலை யாரு படிக்காங்க?"

"அவங்கதான் அக்கா. முக்கியமா எதும் வந்தா போன் பண்ணிச் சொல்லுவாங்க," என்றாள் முன் பெஞ்சில் ஒருத்தி. நல்ல வசதி என்பது போலச் சொன்னாள். பெயர் முப்புடாதி, கடையநல்லூர்ப் பக்கம்.

அக்கா இல்லை, மேடம் என்றேன். ஆராய்ச்சி மாணவி என்றால் இவர்களுக்கு அக்கா. ஒரு நாள் இளக்காரம் கொடுத்தால் அப்புறம் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

"எங்க சேவ் பண்ணின?"

"கம்ப்யூட்டர்ல மேடம்."

இப்படி முப்பத்து நான்கு பேர். தேங்காய் எங்கே இருக்கிறது என்றால் தோப்பில் என்கிறார்கள். விரலால் திரையைத் தள்ளித் தள்ளி வளர்ந்த கூட்டம். மூன்று நொடியில் வீடியோவுக்குப் பாட்டு ஒட்டுவார்கள், ஒரு ஃபோல்டர் உண்டாக்கத் தெரியாது.

முப்புடாதி என்கிற அந்தப் பெண் நான் எதை அமுக்கச் சொன்னாலும் நோட்டில் எண் போட்டு எழுதுகிறாள். ஒற்றை விரலால் தட்டுகிறாள். ஒவ்வொன்றுக்கும் "ஏன் மேடம்?" ஒரு மணி நேரத்தில் பதினான்கு ஏன். எண்ணினேன்.

இரவு சமர்ப்பிப்புப் படிவத்தை நிரப்பினேன். வெளியான கட்டுரைகள்: இரண்டு கட்டாயம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று கருத்தரங்க மலர். மற்றொன்று தென்முனை வரலாற்றிதழ், ஜூன், பக்கம் 41 முதல் 52. அந்த இதழ் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறது. கவலையில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கைடு திரும்பவும் கேட்டார், ஜூன் இதழின் அச்சுப் பிரதி எங்கே என்று. தபாலில் வரும் என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இலவச லேப்டாப் என்று ஒரு லிங்க் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் வந்திருக்கிறது. பிறந்த தேதி, ஆதார் எண், அப்பா பெயர் எல்லாம் கேட்கிறது. முப்பத்து நான்கு பேரில் இருபத்தொன்பது பேர் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதோடு நில்லாமல் ஆளுக்குப் பத்துப் பேருக்குத் தள்ளியும் விட்டிருக்கிறார்கள், அப்போதுதான் லேப்டாப் வருமாம். ஆரம்பித்து வைத்தவன் ஆன்டன் ரீகன், வகுப்புப் பிரதிநிதி. "வந்தா வருது, வராட்டி போகுது மேடம்," என்று சிரிக்கிறான்.

பாடத்தை மூடிவைத்துவிட்டு போர்டில் நான்கு கேள்விகள் எழுதினேன். முகவரியைக் கடைசி எழுத்துவரை படித்தாயா? இதை நடத்துகிற ஆள் யார், எந்த ஊர்? உன்னை அவசரப்படுத்துகிறதா, அளவுக்கு மிஞ்சிப் புகழ்கிறதா? இதே செய்தி இதற்கு வெளியே வேறு எங்காவது இருக்கிறதா?

"புகழ்ந்தா நல்லதுதான மேடம்?" என்றாள் முப்புடாதி.

"ரெண்டே நாள்ல உன்னை ஆகா ஓகோன்னு பாராட்டி பதில் போடுறவன் நீ எழுதினதப் படிச்சிருக்கவே மாட்டான். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். வகுப்பு நன்றாகத்தான் போனது. இவ்வளவு தெளிவாக நான் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஹாஸ்டலில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் புளி அதிகம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அசைன்மென்ட் கொடுத்தாயிற்று. நீ நம்புகிற ஓர் இணையதளத்தை எடு, நான்கு கேள்வியையும் அதனிடம் கேள், இரண்டு பக்கம் எழுதி செப்டம்பர் 9 அன்று கொடு. இருபத்தைந்து மதிப்பெண். பதின்மூன்று எடுத்தால் பாஸ். நன்றாக எழுதிய சிலரை வகுப்பில் வாசிக்கச் சொல்வேன்.

எங்கள் துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. யாருக்காவது பூஜ்யமோ முழு மதிப்பெண்ணோ போட்டால் அந்தத் தாளை மதிப்பெண் பட்டியலோடு இணைத்துக் கைடிடம் கொடுக்க வேண்டும். காப்பி என்று பூஜ்யம் போட்டால் அசல் தாளும் கூட வேண்டும். முழு மதிப்பெண் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார். இந்தக் கூட்டத்தில் எவள் இருபத்தைந்து வாங்கிக் கிழிக்கப்போகிறாள்?

துணி துவைத்தேன். மூன்று சுடிதார், ஒரு போர்வை.

ஆகஸ்ட் 29, வியாழன்

வகுப்பு முடிந்து முப்புடாதி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா... மேடம், உங்க கட்டுரையைப் படிச்சேன். நோட்டீஸ் போர்டுல உங்க கட்டுரை வந்ததுக்கான சர்டிபிகேட் பாத்தேன்லா, அதுல இருந்த முகவரியப் போட்டு எடுத்தேன். குழாயடிச் சண்டைக்கு நகராட்சி கூட்டத்துல தீர்மானம் போட்டத எழுதிருக்கீங்க பாருங்க, சிரிச்சிட்டேன்."

ஆறு வருஷத்தில் என் கட்டுரையைப் படித்துவிட்டு வந்து பேசிய முதல் ஆள். கைடு உட்பட.

"அசைன்மென்டுக்கு அந்தத் தளத்தையே எடுக்கட்டா மேடம்? நிச்சயமா நிஜமானது ஒண்ண எடுத்தா நாலு கேள்விக்கும் பதில் சுளுவா வந்துரும்."

வேறு எடு என்றேன். ஏன் என்றாள். ஆசிரியர் கட்டுரையை எடுத்தால் காக்கா பிடிக்கிற மாதிரி இருக்கும், லேப்டாப் லிங்க்கை எடு என்றேன். "அத எல்லாரும் எடுத்துட்டாங்க மேடம்," என்றாள். எக்கேடும் கெட்டுப் போ என்று வந்துவிட்டேன்.

மாணவர்கள் ஆசிரியரைக் குளிரவைக்கப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் மறுத்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

முன்னுரை திருத்தினேன். பைண்டிங் கடையில் மெரூன் அட்டை, பொன் எழுத்து, ஐந்து பிரதி என்று சொல்லி வைத்தேன். அம்மா போன் செய்தாள். சபையில் அறிவித்துவிட்டாளாம், அக்டோபரில் ஸ்தோத்திர ஆராதனையாம். "டாக்டர் பியூலான்னு பேரு வாசிப்பாங்க, வந்துரணும்," என்றாள். ஆலமரத்தடிப் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைத்துவிடு என்று கேலி செய்தேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனை வைத்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்

முப்பத்து நான்கு அசைன்மென்டும் வந்துவிட்டன. ரீகனும் இன்னும் பதினோரு பேரும் எழுதியது ஒரே தாள். ஒருவன் செய்த பிழைகூட மற்றவனிடம் சிந்தாமல் சிதறாமல் இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கும் பதின்மூன்று போட்டுத் தள்ளினேன். பூஜ்யம் போட்டால் பன்னிரண்டு தாளையும் இணைத்துக்கொண்டு அலைய வேண்டும், எனக்கு என்ன தலையெழுத்தா?

முப்புடாதி தாளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

படித்தேன்.

எடுக்காதே என்று சொன்னதைத்தான் எடுத்திருக்கிறாள். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"முகவரியைக் கடைசி எழுத்துவரை படித்தேன். பெயருக்கு நடுவில் ஒரு சிறு கோடு இருக்கிறது. நடத்துபவர் யார் என்று தேடினேன். ஆசிரியர் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை, போன் நம்பர் இல்லை. கட்டுரை அனுப்பினால் இரண்டு நாளில் ஏற்கப்படும் என்று போட்டிருக்கிறது. மேடம் சொன்னதால் இதைக் குறித்துக்கொண்டேன். நான்காவது கேள்விக்காக நம் நூலகத்துக்குப் போனேன். தென்முனை வரலாற்றிதழ் மூன்றாவது அலமாரியில் அச்சில் இருக்கிறது. பின்னட்டையில் நம்பர் இருந்தது. போன் செய்தேன். வயதான ஓர் ஐயா எடுத்தார். அவர்தான் ஆசிரியராம். தங்களுக்கு இணையதளமே கிடையாது என்றார். ஜூன் இதழில் மேடம் கட்டுரை 41ஆம் பக்கம் முதல் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், அந்த இதழே மொத்தம் நாற்பது பக்கம்தான்."

கடைசிப் பத்தி இது.

"இந்தத் தளம் பொய்யானது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடத்தையே ஏமாற்றியிருக்கிறார்கள் என்றால் அவர்கள் பெரிய கில்லாடிகளாகத்தான் இருக்க வேண்டும். மேடம் பாவம்."

பாவமாம்! பாஸ்வேர்டை பஸ் ஸ்டாண்டில் அடகு வைத்தவள் என்னைப் பார்த்துப் பாவம் என்கிறாள். இணையப் பயன்பாட்டுத் தாளுக்கு ஒருத்தி போன் பண்ணிக் கேட்டு எழுதியிருக்கிறாள். முதலாமாண்டுப் பெண் தானாக இப்படி எழுத முடியாது. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்புப் பேனாவால் 'காப்பி' என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

மதியம் ஆய்வறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் யாரப் பாத்து எழுதுனேன்?"

"மேடம்னு சொல்லு."

"மேடம், நான் யாரப் பாத்து எழுதுனேன்?"

"அது உனக்குத்தான் தெரியும்."

"மூணு நாளு நூலகத்துல இருந்தேன். அந்த ஐயாட்ட பேசுன நம்பரு போன்ல கெடக்கு, பாருங்க."

"நான் இணையத்தைப் பத்தி எழுதச் சொன்னேன். கண்டவங்களுக்குப் போன் போடச் சொல்லல."

"நாலாவது கேள்வி வெளிய போய்ப் பாருன்னுதான மேடம் இருக்கு? நீங்கதான எழுதிப் போட்டீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும். கத்தினேன். அவள் அழவில்லை, அதுதான் எரிச்சல். "இதுல போச்சுன்னா செமஸ்டர் எழுத விட மாட்டாங்க. படிச்சுக் கிழிச்சது போதும்னு எங்கய்யா கூட்டிட்டுப் போயிருவாரு," என்றாள். பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ரயில் டிக்கெட் தளத்தைப் பற்றி இரண்டு பக்கம்.

"வகுப்புல வாசிக்கச் சொல்லுவேன்னீங்கள்ளா? அத எல்லாத்துக்கும் முன்னால வாசிக்க முடியாது, உங்க பேரு இருக்கு. அதான் இதத் தனியா எழுதி வச்சேன். நான் யார்ட்டயும் சொல்லல மேடம். உங்களுக்குத் தெரியணுமேன்னுதான் எழுதுனேன்."

எனக்காகச் சேர்த்து இன்னொன்று எழுதினாளாம். வெளியே போ என்றேன். போனாள்.

செப்டம்பர் 12, வியாழன்

அவள் வகுப்புக்கு வரவில்லை. நிம்மதி.

செப்டம்பர் 14, சனி

நிம்மதி இல்லை.

இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கப்போகிறேன். இதிலும் பொய் எழுதினால் எனக்கும் ரீகனுக்கும் என்ன வித்தியாசம்?

மே மாதம் ஆராய்ச்சி மாணவர் வாட்ஸப் குரூப்பில் தென்முனை வரலாற்றிதழ் பெயரில் அந்த லிங்க் வந்தது, கட்டுரை அனுப்பச் சொல்லி. அனுப்பினேன். இரண்டாம் நாள் பதில், 'தங்கள் ஒப்பற்ற ஆய்வு' என்று. மூன்று தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். ஜூன் 18 அன்று அச்சுப் பிரதி கேட்டு மெயில் போட்டேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. மறுநாள் இன்னொரு முகவரிக்குப் போட்டேன், அதுவும் திரும்பியது. இரண்டு மெயிலையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, அதற்குப் 'பிறகு' என்று பெயர் வைத்தேன்.

எனக்கு ஃபோல்டர் உண்டாக்கத் தெரியும். எதை எங்கே சேவ் பண்ணினேன் என்றும் தெரியும்.

என்னை ஏமாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறாள். ஜூன் 18 வரைக்கும்தான் அது சரி.

செப்டம்பர் 17, செவ்வாய்

கைடு கூப்பிட்டார். மதிப்பெண் பட்டியல் அவர் முன்னால் இருந்தது. தாள் கட்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"இந்தப் பன்னிரண்டும் அச்சு அசல் ஒண்ணு. இதுக்கெல்லாம் பதிமூணு. இந்தப் பிள்ளைக்குக் காப்பின்னு முட்டை. அவ தாளைக் காணோம். யாரப் பாத்து எழுதுனாளோ அந்தத் தாளும் இல்ல. வழக்கம் தெரியாதா உனக்கு?"

கோபத்தில் வழக்கம் மறந்துபோயிருந்தது. தாள் அறையில் இருக்கிறது என்றேன்.

"வியாழக்கிழமை அசலோட கொண்டா. இல்லன்னா மார்க்கைத் திருத்திக்கொண்டா, நானும் கேக்க மாட்டேன். உனக்கும் ஆயிரம் வேலை கெடக்கு. அந்தப் பன்னிரண்டு பயல்களும் அக்டோபர் மூணாந்தேதிக்குள்ள திரும்ப எழுதட்டும்."

திருத்தலாம். பதின்மூன்று போடலாம், இருபது போடலாம். அவள் தேர்வு எழுதுவாள், தாள் சாக்கு மூட்டைக்குள் போகும், நான் 30ஆம் தேதி மெரூன் அட்டையோடு நிற்பேன். ஒருவருக்கும் நஷ்டமில்லை.

செப்டம்பர் 18, புதன்

இருபத்து நான்கு போடுவது என்று முடிவு செய்தேன். தாராள மனசுதான். வகுப்பிலேயே அதிகம் அதுதான். இருபத்து நான்கு என்றால் யாரும் தாளைக் கேட்க மாட்டார்கள், போர்டில் ஒட்ட மாட்டார்கள். ஒரு மதிப்பெண் குறைக்க ஒரு தப்பு வேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானம் ஆரம்பித்தேன். பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. முகவரியைத் தப்பாக எழுதியிருப்பாளா? இல்லை. நூலகத்துக்கே போனேன். மூன்றாவது அலமாரி, ஜூன் இதழ். நாற்பது பக்கம். அட்டையையும் சேர்த்து எண்ணினேன். ஆறு வருஷத்தில் அந்த அலமாரிப் பக்கம் நான் போனதே இல்லை. பின்னட்டை நம்பருக்குப் போன் போட்டேன், அவள் ஏதாவது கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் பிடித்துவிடலாம் என்று. ஐயா எடுத்தார்.

"முந்தியே ஒரு பிள்ள கேட்டுச்சேம்மா. நல்ல விவரமான பிள்ள. அது சொன்ன கட்டுரை நல்லாத்தான் இருக்கும்போல. எனக்கு அனுப்பச் சொல்லு, படிச்சுப் பாக்கேன். ஆனா ஆறு மாசமாவது ஆகும்."

ஆறு மாசம். என்னிடம் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. யார் பேசுகிறேன் என்று சொல்லாமல் வைத்துவிட்டேன்.

பேனாவை மூடி மூடித் திறந்தேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று குறைக்கலாமா? அதுகூட இல்லை, பாவி, அடிக்கோல் வைத்து எழுதியிருக்கிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

கைடு கையில் பட்டியலைக் கொடுத்தேன், முப்புடாதி தாளை இணைத்து. ஃபோல்டரில் இருந்த இரண்டு மெயிலையும் பிரின்ட் எடுத்துக் கீழே வைத்தேன்.

நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தார். மெயிலில் ஜூன் 18 என்ற தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத வாசிச்சுட்டா இருவத்தஞ்சு போட்ட?"

"ஆமா சார்."

"இருவத்துநாலு போட்டிருக்கலாமே."

"தப்பு ஒண்ணும் கிடைக்கல சார்."

செப்டம்பர் 30, திங்கள்

இன்று கடைசி நாள். பைண்டிங் கடைக்குப் போன் செய்து மெரூன் அட்டை வேண்டாம் என்றேன். பதிவு ரத்தாகும். மறுபதிவு செய்தால் எழுதின இயல்கள் செல்லும் என்கிறார் கைடு, ஆனாலும் குறைந்தது இரண்டு வருஷம். அம்மா அரை மணி நேரம் அழுதாள். ஸ்தோத்திர ஆராதனையை எப்படி நிறுத்துவதாம். எனக்கும் அழுகை வந்தது, குளியலறையில் போய் அழுதேன்.

நோட்டீஸ் போர்டில் என் சர்டிபிகேட் இருந்த இடத்தில் முப்புடாதியின் இரண்டு பக்கம் ஒட்டியிருக்கிறது. அவள் முகம் சுண்டி நின்றாள்.

"ஏன் மேடம் ஒட்டவிட்டீங்க? உங்க பேரு இருக்குல்லா?"

"நான் ஒட்டல. துறை வழக்கம். போய் முதல்ல அந்த நெட் சென்டர்ல இருந்து உன் பாஸ்வேர்டை வாங்கி மாத்து."

"அன்னைக்கே மாத்திட்டேன் மேடம்."

மற்றவர்கள் கூட்டமாக வந்து போனை நீட்டிப் போட்டோ எடுத்தார்கள். ஒருத்தர்கூட நின்று படிக்கவில்லை. "மேடம், இதுக்குப் பி.டி.எஃப். இருக்கா?" என்றான் ரீகன்.

எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அந்தப் பன்னிரண்டு பேரும் இதையே எழுதிக்கொண்டு வருவார்கள், ஓர் எழுத்து மாற்றாமல். மேடத்தையே ஏமாற்றிவிட்டார்கள், மேடம் பாவம் என்று பன்னிரண்டு கையெழுத்தில் நான் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வாசிப்பேன். பன்னிரண்டுக்கும் பூஜ்யம் போடுவேன். இந்தத் தடவை இணைத்துவைக்க அசல் இருக்கிறது.